இடிபாடு அல்ல, பாக்கி வேலை

போன மாதம் அடையாறில் நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஹாலில் சோபாவுக்கு மேலே மூன்றடி அகலத்தில் ஒரு பழைய ஓவியத்தின் பிரதி: மாமல்லபுரத்து ரதங்கள், மணல், பெரிய வானம். "எப்படி மச்சான்? அழிஞ்சுபோன நாகரிகம்டா. பார்த்தாலே ஒரு அமைதி வருதில்ல?" என்றான். பந்திக்குக் கூப்பிட்டுவிட்டதால் சும்மா இருந்துவிட்டேன். இங்கே சும்மா இருக்கப் போவதில்லை.

வரைந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவர் சகோதரரின் மகன் வில்லியமும். 1792-93இல் தென்னிந்தியாவைச் சுற்றியவர்கள். லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்று 144 அச்சோவியங்கள் வெளியிட்டார்கள். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய உழைப்பு. மணலும் பொய்யில்லை, ரதங்களைச் சுற்றி அன்று மணல் மூடித்தான் கிடந்தது.

என் சண்டை அவர்களோடு இல்லை. படத்துக்கு நாம் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் தலைப்போடுதான்.

அந்த ரதங்கள் இடிபாடே அல்ல. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். தர்மராஜ ரதத்தைப் பாருங்கள்: மேல்தளங்களில் அத்தனை நுணுக்கம், கீழ்த்தளம் அரைகுறை. யாரும் இடிக்கவில்லை. வேலை பாதியில் நின்றது, அவ்வளவுதான். என் தொழில் பாஷையில், இது கிராஷ் ஆன சாஃப்ட்வேர் இல்லை. ரிலீஸே ஆகாத ப்ராஜெக்ட்.

பிறகு ஏன் இடிபாடு என்று நினைக்க ஆசைப்படுகிறோம்? இடிபாடு நம்மிடம் எதுவும் கேட்காது. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாடவீதிக்குப் போனால் வியர்வை, நீர்மோர், தொலைந்த செருப்பு. அந்தக் கூட்டத்தை யாரும் சோபாவுக்கு மேலே மாட்டுவதில்லை. ஆளில்லாத கல்தான் நமக்குப் பாரம்பரியம். 1838இல் எகிப்து போன டேவிட் ராபர்ட்ஸும் பாதி மணலில் புதைந்த அபு சிம்பெல் கோயிலை வரைந்தார். ஊர் திரும்பப் போகிறவர் இடிபாட்டை ரசிக்கலாம். நாம் இங்கேயே இருக்கப் போகிறவர்கள்.

"ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்பீர்கள். படத்தோடு முடிந்தால் நானும் பேசமாட்டேன். மாமல்லபுரத்தில் இன்றும் உளிச் சத்தம் கேட்கிறது. 1957 முதல் அங்கே அரசு சிற்பக் கல்வி நடக்கிறது. அந்த ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகரிகம் அழிந்துவிட்டது என்றால் இந்தச் சிற்பிகள் யார்? பொம்மை விற்கிறவர்கள். அதனால்தான் பேரம் பேசுகிறோம்.

நானும் பேசியிருக்கிறேன். மாக்கல் பிள்ளையார் ஒன்றுக்கு இருநூறு ரூபாய் குறைக்கச் சொன்னேன். கண்ணிமை வரை கல்தூசி படிந்த அந்த அண்ணன், மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல், "சரி, எடுத்துக்கங்க சார்" என்றார். அதே வாரம் தி. நகரில் ஒரு படத்துக்குச் சட்டம் போட்டேன். கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன்.

படத்தைக் கழற்ற வேண்டாம். அடுத்த முறை ஈசிஆரில் போகும்போது வண்டியை நிறுத்தி, சொன்ன விலையைக் கொடுங்கள். செதுக்கியவர் பெயரையும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.