நம் வீட்டுத் தண்ணீர், அடுத்த வீட்டுக் காய்ச்சல்!

தலைநகர் தில்லியில் பருவமழை ஓயும் தறுவாயில் ஆண்டுதோறும் தவறாமல் நிகழ்பவை இரண்டு. முதலாவது, மருத்துவமனைகளின் காய்ச்சல் பிரிவுகளில் வரிசை நீள்வது. இரண்டாவது, அந்த வரிசைக்கு யார் பொறுப்பு என்கிற வாக்குவாதம். மாநகராட்சி, மாநில அரசு, மத்திய அரசு ஆகிய மூன்றும் இந்த விஷயத்தில் ஒன்றையொன்று கைகாட்டி வந்திருக்கின்றன. நவம்பர் இறுதியில் குளிர் இறங்கிக் கொசுக்கள் குறைந்ததும் வரிசை கலைகிறது, வாக்குவாதமும் ஓய்கிறது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே காட்சி.

இந்த வாக்குவாதத்தில் எப்போதும் விடுபட்டுப் போகும் உண்மை ஒன்று உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் சேமித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடுகிறது. ஏர்கூலர், மூடியில்லாத மேல்நிலைத் தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மொட்டை மாடியில் போட்டு வைத்த பழைய டயர் ஆகியவைதான் அதன் பிறப்பிடங்கள். பெரும்பாலும் 400 மீட்டருக்கு மேல் அது பறப்பதும் இல்லை. ஆகவே, ஒரு தெருவில் ஒருவருக்கு டெங்கு வந்தால், அதற்குக் காரணமான கொசு அந்த வீட்டிலோ, அக்கம்பக்கத்திலோ, பணியிடத்திலோதான் வளர்ந்திருக்க வேண்டும். எங்கோ ஓடும் யமுனையைக் குறை கூறிப் பயனில்லை.

தில்லிக்கு இது புதிய பாடம் அல்ல. 1996-ஆம் ஆண்டில் இந்த நகரில் 10,252 பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டு, 423 பேர் உயிரிழந்தனர். நாட்டின் தலைநகரே அன்று நிலைகுலைந்தது. 2006-இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமான எய்ம்ஸ் வளாகத்திலேயே மருத்துவர்களும் மாணவர்களும் டெங்குவுக்கு ஆளாயினர். நோயாளிகளுக்குச் சிகிச்சை தர வேண்டியவர்களே நோயாளிகளாகப் படுத்துக் கிடந்தார்கள். அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கின் குடும்பத்தினரும் அதே ஆண்டு அந்தக் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. பதவியையும் பாதுகாப்பு வளையத்தையும் பார்த்துக் கொசு விலகிச் செல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2015-இல் தில்லியில் 15,867 பேர் பாதிக்கப்பட்டனர். 60 பேர் இறந்தனர். அந்த ஆண்டு செப்டம்பரில் டெங்கு பாதித்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பல மருத்துவமனைகளில் அனுமதி கிடைக்காமல் அலைக்கழிக்கப்பட்டு இறந்ததாகப் புகார் எழுந்தது. துயரம் தாளாத பெற்றோரும் உயிரை மாய்த்துக் கொண்டனர். நாடே அதிர்ந்தது. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது, கூடுதல் படுக்கைகள் அறிவிக்கப்பட்டன. ஆனால், மருத்துவமனை வாசலில் கூட்டம் சேர்ந்த பிறகு செய்யப்படும் எந்த ஏற்பாடும் காலம் கடந்த ஏற்பாடே.

நாடு முழுவதையும் எடுத்துக் கொண்டால் நிலைமை இன்னும் கவலைக்குரியது. மத்திய அரசின் கணக்குப்படி 2015-இல் ஒரு லட்சத்தை நெருங்கிய டெங்கு பாதிப்பு, 2023-இல் 2,89,235 ஆக உயர்ந்தது. 485 பேர் உயிரிழந்தனர். 2024-இலும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். இவை பரிசோதனையில் உறுதி செய்யப்பட்டுப் பதிவானவை மட்டுமே. காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக் கொண்டு வேலைக்குச் சென்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

நாடாளுமன்றத்தில் டெங்கு பற்றிய கேள்விகளுக்குக் குறைவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடைபெறுகிறது. குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் பிற்பகுதியிலோ டிசம்பரிலோ கூடுகிறது. தில்லியில் டெங்கு உச்சம் தொடுவதோ செப்டம்பரிலும் அக்டோபரிலும். நோய் பரவும்போது அவை கூடுவதில்லை. அவை கூடும்போது நோய் ஓய்ந்து கணக்கு மட்டுமே எஞ்சியிருக்கிறது. "பொது சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு" என்ற வாசகத்துடன் மாநிலவாரியான பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டு பதில் தாக்கல் செய்யப்படுகிறது.

அந்த வாசகம் தவறானது அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால், தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்று 47-ஆவது பிரிவும் கூறுகிறது. பட்டியலைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எந்த அரசுக்கும் வழியில்லை.

அரசின் கடமை இதுவென்றால், குடிமக்களின் கடமை என்ன? அது மிகச் சிறியது. அதனால்தானோ என்னவோ அலட்சியப்படுத்தப்படுகிறது. முட்டையிலிருந்து கொசு உருவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்கள் ஆகின்றன. வாரத்தில் ஒரு நாள், வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்களை எல்லாம் காலி செய்து உலர வைத்தால், கொசு பறக்கத் தொடங்கும் முன்பே அதன் கதை முடிந்துவிடும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டித்தான் இந்தக் கொசு முட்டைகளை ஒட்ட வைக்கிறது. அவை தண்ணீரே இல்லாமல் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியவை. மறுபடி நீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே, உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெயில் காலம் முடிந்ததும் ஏர்கூலரைத் துடைக்காமல் மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த கோடையில் அப்படியே தண்ணீர் ஊற்றும் வழக்கம் வடமாநில நகரங்களில் பரவலாக இருக்கிறது. சென்ற ஆண்டின் முட்டைகளுக்கு இந்த ஆண்டு நாமே நீர் வார்ப்பதற்கு ஒப்பானது அது.

2019 செப்டம்பரில் தில்லி அரசு, பத்து வாரங்கள், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, பத்து நிமிடங்கள் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அரசியல் வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அறிவியலுக்கு ஏற்ற எளிய யோசனை அது. எந்த அரசு அமைந்தாலும் தொடர வேண்டிய பழக்கம் அது. ஆனால், விளம்பரப் பலகை இருக்கும் வரைதான் பழக்கமும் என்றாகிவிட்டது நம் நாட்டின் சாபக்கேடு.

அதற்குப் பதிலாக மக்கள் எதிர்பார்ப்பதும் உறுப்பினர்கள் அனுப்பி வைப்பதும் புகை மருந்து அடிக்கும் வண்டியைத்தான். வெண்புகை தெருவை மூடும்போது அரசு ஏதோ செய்கிறது என்ற நிறைவு கிடைக்கிறது. புகை, பறந்து திரியும் கொசுக்களில் சிலவற்றைக் கொல்லும். தொட்டியில் நெளியும் புழுக்களையோ, சுவரில் ஒட்டிய முட்டைகளையோ தொடாது. நோய் வெடித்துப் பரவும் இடத்தில் அவசர நடவடிக்கையாக அதற்குப் பயன் உண்டு. தடுப்பு நடவடிக்கையாக அதையே நம்புவது ஏமாற்றம்.

நோய் வந்தவரும் தம்மால் பிறருக்குப் பரவாமல் காக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டெங்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை. காய்ச்சலின் முதல் சில நாள்களில் நோயாளியைக் கடிக்கும் கொசு, சுமார் எட்டு முதல் பன்னிரண்டு நாள்களில் நோய் பரப்பும் தகுதி பெற்று, சாகும் வரை பரப்பிக் கொண்டே இருக்கும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. எனவே, நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுத்திருக்க வேண்டும். தாமே நோயுற்றவருக்கு எதற்கு வலை என்று எண்ணக் கூடாது. அந்த வலை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கான பாதுகாப்பு. கரோனா காலத்தில் முகக் கவசம் கற்றுத் தந்த பாடமும் இதுதானே?

சிகிச்சையிலும் நிதானம் தேவை. டெங்குவுக்கென வைரஸை அழிக்கும் தனி மருந்து வழக்கத்தில் இல்லை. ஓய்வு, போதுமான நீராகாரம், காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் ஆகியவையே பெரும்பாலானோருக்குப் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகப்படுத்தக் கூடும் என்பதால் தவிர்க்க வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கை குறைந்ததுமே ரத்த வங்கிகளை நோக்கி ஓடுவதும் தேவையற்றது. ரத்தக் கசிவு இல்லாத நிலையில், பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கினால்தான் தட்டணுக்கள் ஏற்றுவதைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டு நெறிமுறை. பதற்றத்தில் ஒருவருக்கு வீணாக ஏற்றப்படும் தட்டணுக்கள், உண்மையிலேயே தேவைப்படும் மற்றொருவருக்குக் கிடைக்காமல் போகின்றன.

மாறாக, காய்ச்சல் தணியும் வேளையில்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். கடுமையான வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறுகளிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை டெங்கு வந்தவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. வைரஸில் நான்கு வகைகள் உண்டு. வேறொரு வகையால் இரண்டாவது முறை பாதிக்கப்படும்போது நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவையும் கூறும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டிக் கழுவுங்கள் என்று குழாயைத் திறந்தால் நீர் வரும் வீட்டாரிடம் சொல்வது எளிது. தில்லியின் அங்கீகரிக்கப்படாத குடியிருப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து, டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைப்பவர்களிடம் அதையே எப்படிச் சொல்வது? அவர்கள் தண்ணீரைச் சேமிப்பது கவனக்குறைவால் அல்ல. மறுநாள் வருமா என்ற நிச்சயமின்மையால். அவர்களுக்குத் தேவை அறிவுரை மட்டுமல்ல. இறுக மூடும் பாத்திரமும் தடையற்ற குடிநீரும். அந்த வகையில், ஒழுங்கான குடிநீர் விநியோகமே மிகச் சிறந்த கொசு ஒழிப்புத் திட்டம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொசுப்புழு வளர இடமளிப்போருக்கு நோட்டீஸ் வழங்கவும் அபராதம் விதிக்கவும் தில்லி மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. உயிருக்கு ஆபத்தான நோய் பரவும் வகையில் அலட்சியமாக நடந்து கொள்வோருக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 271-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அண்டை வீட்டாரின் உடல்நலம் அவரவர் விருப்பத்துக்கு விடப்படும் விஷயமல்ல என்பதைச் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆனால், நோட்டீஸ் பெறுவோர் பட்டியலில் அரசு அலுவலகங்களும் ஆண்டுதோறும் இடம்பெறுவதுதான் வேதனைக்குரியது. ஒரு வீட்டின் பூந்தொட்டியைச் சோதிக்கும் நிர்வாகம், தனது அலுவலக மாடியில் உடைந்து கிடக்கும் தொட்டியையும், கட்டுமானத் தளங்களில் மாதக்கணக்கில் நீர் தேங்கும் குழிகளையும் கண்டுகொள்ளாமல் இருந்தால், அபராதம் விதிக்கும் தார்மிக உரிமையை அது இழந்துவிடுகிறது.

இந்தப் போரின் உண்மையான காலாட்படையினர், வீடு வீடாகச் சென்று தொட்டியிலும் கூலரிலும் டார்ச் விளக்கடித்துப் பார்க்கும் கொசு உற்பத்தி ஆய்வுப் பணியாளர்கள். நீண்டகாலம் ஒப்பந்த ஊழியர்களாகவே வைக்கப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல முறை வீதியில் இறங்க நேர்ந்தது. காய்ச்சல் பரவும் நான்கு மாதங்களுக்கு மட்டும் அவர்களை நினைப்பது முறையல்ல. வீட்டுக்காரர்களும் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வசதி படைத்தோர் வாழும் பகுதிகளில்தான் பூட்டிய கதவுகள் அதிகம் என்பது அந்தப் பணியாளர்களின் நெடுநாளைய ஆதங்கம்.

தடுப்பூசி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்போரும் உண்டு. இந்தியாவில் உருவாக்கப்பட்ட டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால், அதே கொசு சிக்குன்குனியாவையும் ஜிகாவையும் பரப்புகிறது. எந்தத் தடுப்பூசி வந்தாலும் தொட்டியின் மூடிக்கு ஓய்வு கிடையாது.

மே 16-ஆம் தேதி தேசிய டெங்கு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மழைக்கு முன்பே விழித்துக் கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். உறுதிமொழி ஏற்பதோடு அந்த நாள் முடிந்துவிடக் கூடாது. அன்று தொடங்கி நவம்பர் வரை, வார்டு வாரியாக எத்தனை வீடுகளில், எத்தனை அரசுக் கட்டடங்களில் கொசுப்புழு காணப்பட்டது என்ற கணக்கை வாரந்தோறும் வெளியிட வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கை, நேர்ந்துவிட்ட தோல்வியின் கணக்கு. புழுக்களின் கணக்குதான் நேரவிருப்பதைத் தடுக்க உதவும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டியதும் அந்தக் கணக்கைத்தான்.

வாரத்துக்குப் பத்து நிமிடங்கள் யாருக்கும் பெரிய சுமையல்ல. நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கொசு நம்மைத்தான் கடிக்கும் என்ற நியதி இல்லை. அடுத்த வீட்டில் தவழும் குழந்தையையும் அது கடிக்கலாம். அந்தக் குழந்தையின் பெற்றோர் நமக்கு முகம் தெரியாதவர்களாகக் கூட இருக்கலாம். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நாம் தொட்டியை மூடுகிறோம்!