பழி மாணவன் தலையிலா?

சர்வகலாசாலை ஆய்வுகூடத்தில் நச்சு இரசாயனம் சிந்தினால், “மாணவனின் கவனக்குறைவு” என்று கூறிக் கைகழுவுவோர் உளர். அக்கூற்றை நாம் ஏற்கமாட்டோம்.

1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்தது யாது? பேராசிரியை கேரன் வெற்றர்ஹானின் கையுறைமீது டைமெதைல் பாதரசம் சில துளிகள் சிந்தின. அவர் கற்றுக்குட்டியல்லர், நச்சு உலோகங்களை ஆராய்ந்த அறிஞர். அன்றைய விதிப்படி இறப்பர்க் கையுறை அணிந்தே பணிபுரிந்தார். மாதங்கள் கழிந்தே நோய் வெளிப்பட்டது. 1997 ஜூனில் மாண்டார். அத்திரவம் அவ்வுறையைச் சில விநாடிகளில் ஊடுருவுமென்பது, நோய் கண்டபின் நடந்த சோதனையிலேயே தெளிவாயிற்று. பேராசிரியைக்கே இக்கதியெனின், முதலாம் வருட மாணவனின் கதி யாது?

எந்த இரசாயனத்துக்கு எந்த உறை என்று முன்னரே ஆராய்ந்து கூறுவது நிருவாகத்தின் கடமையன்றோ? சிந்தியவுடன் அருகிலுள்ளோரை எச்சரித்து வெளியேறவேண்டும். பயிற்சி பெற்றோரை அழைக்கவேண்டும். உடலிற் பட்டால் உடையைக் களைந்து, ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவவேண்டும். இவற்றைக் கற்பியாதுவிட்டுத் தண்டனையை மட்டும் காட்டினால் மாணவன் என் செய்வான்? ஒருவருமறியாமற் கந்தையால் துடைப்பான். எஞ்சியதை வடிகாலில் ஊற்றுவான். அந்நஞ்சு கிணற்றை அடைந்தால் உழவனுமன்றோ அழிவான்?

கண் கழுவும் குழாய்க்கும், அவசர நீர்த்தாரைக்கும், வருடாந்த ஒத்திகைக்கும் பணமில்லையாம்! நஞ்சை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

உண்மையுரைக்கும் மாணவனைத் தண்டியாதீர்! பாதுகாப்பைத் தாரீர், அன்றேல் ஆய்வுகூடங்களைப் பூட்டுவீர்!