‘நாளையிலிருந்து விட்டுடறேன்’: புகையை நிறுத்த வைராக்கியம் மட்டும் போதுமா?

"வர்றியா மச்சி, ஒரு டீ, ஒரு தம்?" ஆற்காடு - ஆரணி சாலையில் இருக்கும் திமிரியில் கேட்டாலும், ஆம்பூர் பேருந்து நிலையத்தில் கேட்டாலும் இந்த அழைப்பு ஒன்றுதான். பெரும்பாலானவர்களின் முதல் சிகரெட், இன்னொருவர் நீட்டியதாகத்தான் இருக்கும். அதன்பிறகும் ஷிஃப்ட் இடைவேளை, கல்யாண வீடு, சம்பள நாள் என்று எல்லாம் கும்பலோடுதான்.

ஆனால் விட முடிவெடுக்கும்போது மட்டும் ஆள் தனியாகிவிடுகிறார். யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் கிண்டல் செய்வார்கள், தோற்றால் மானம் போகும் என்று பயம். ‘மனசுல வைராக்கியம் இருந்தா போதும்’ என்று ராத்திரி முடிவு எடுத்து, மறுநாள் பதினோரு மணி டீயில் அது கரைந்துவிடுகிறது.

இங்கே பிரச்சினை வைராக்கியமா, இல்லை தனியாக முயல்வதா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

எத்தனை பேர் விட நினைக்கிறார்கள்?

2016-17-ல் நடந்த இரண்டாவது உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். தமிழகத்தில் இது 20 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். நாடு முழுக்க சிகரெட் பிடிப்பவர்களைவிட (4 சதவீதம்) பீடி பிடிப்பவர்கள் (7.7 சதவீதம்) அதிகம்.

அதே கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் நிறுத்தத் திட்டமிடுவதாகவோ யோசிப்பதாகவோ சொல்லியிருக்கிறார்கள். முயன்று பார்த்தவர்களில் பெரும்பாலானோர் ஆலோசனை, மருந்து என எந்த உதவியும் இல்லாமல் தனியாகவே முயன்றவர்கள். ஆக, ஆசை இருக்கிறது, முயற்சியும் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய துணைதான் இல்லை.

தனியாக விடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

புகையை உள்ளே இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அது கிடைக்காமல் போனால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், பசி எல்லாம் வரும். முதல் வாரம்தான் மோசம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உடல் பழகினாலும் இடமும் நேரமும் விடாது. டீ கிளாஸைப் பார்த்தாலே கை சட்டைப் பையைத் தடவும். அதனால்தான் எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துபவர்களில், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் ஒரு முயற்சிக்கு 100-ல் 3 முதல் 5 பேர்தான். அப்படியென்றால் மீதி 95 பேரும் மனவலிமை இல்லாதவர்களா? இல்லை. நிகோடின் அவ்வளவு பலமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருப்பவர் விட்டால் நாமும் விடுவோமா?

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த தரவுகளை நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் இருவரும் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ புகையை நிறுத்தினால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் நிறுத்தினால் 36 சதவீதம். சிறிய நிறுவனங்களில் உடன் வேலை செய்பவர் நிறுத்தினால் 34 சதவீதம். ஒவ்வொருவராக இல்லாமல், கூட்டம் கூட்டமாகவே மக்கள் புகையிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு கேள்வியும் எழுந்தது. ஒரே குணம் உள்ளவர்கள்தானே நண்பர்களாகிறார்கள், அப்படியிருக்க இதை ‘தொற்று’ என்று எப்படிச் சொல்வது என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதே யோசனையை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது.

2012 அக்டோபரில் இங்கிலாந்து அரசு ‘ஸ்டாப்டோபர்’ இயக்கத்தைத் தொடங்கியது. ‘ஆயுசுக்கும் விடு’ என்று கேட்கவில்லை. ‘எல்லோரும் சேர்ந்து 28 நாள் விடுவோம்’ என்று மட்டும் கேட்டது. அந்த மாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமார் 3.5 லட்சம் பேர் நிறுத்த முயன்றதாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. குறுகிய இலக்கு, ஒரே தேதி, கூடவே ஆள். சூத்திரம் இவ்வளவுதான்.

போனில் வரும் துணை வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் மந்திரம் கிடையாது. புகையை நிறுத்த குறுஞ்செய்தி அனுப்பும் திட்டங்கள் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வறிக்கையில், செய்தி பெற்றவர்களில் 9.5 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 5.6 சதவீதம் பேரும் நிறுத்தியிருந்தார்கள். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆயிரம் பேருக்கு 39 பேர் கூடுதல் என்று யோசித்தால் அது சின்னது இல்லை.

இந்தியாவிலும் இந்த உதவிகள் இலவசமாகவே இருக்கின்றன:

- 1800-11-2356: தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண். 2016 மே மாதம் டெல்லி வல்லபாய் படேல் மார்பு மருத்துவ நிறுவனத்தில் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் சேர்ந்தபிறகு தமிழிலும் பேசலாம்.
- 011-22901701: இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்தால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் குறுஞ்செய்தித் திட்டத்தில் சேரலாம்.

அப்போ, நம்ம ஊர் ஆட்களுக்கு ஏன் தெரியவில்லை?

2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பாக்கெட்டுகளின் எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்ற எண்ணும் அச்சிடப்படுகிறது. பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஆனால் பெட்டிக்கடையில் ‘ஒண்ணு குடுண்ணா’ என்று சில்லறையாக வாங்குபவர் பாக்கெட்டையே பார்ப்பதில்லை. அந்த எண் கடைக்காரர் கண்ணில் மட்டும்தான் படுகிறது. தினக்கூலிக்காரரும் மாணவரும் சில்லறையாக வாங்குபவர்கள்தான். உதவி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

பீடிக்கு வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பீடியின் இலை சிகரெட் தாளைப் போலக் காற்றை விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாகவே உள்ளே போகின்றன. ‘இலைதானே, சிகரெட்டைவிடத் தேவலை’ என்பது வெறும் நம்பிக்கை. இந்தச் சூழலில்தான் 2025 செப்டம்பர் 3-ல் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்களுக்கு அதுதான் வருமானம். அவர்களுக்கு மாற்றுத் தொழில் காட்டாமல் பீடியை மட்டும் குறை சொன்னால் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஆனால் அவர்கள் பிழைப்பைக் காரணம் காட்டி, புகைப்பவரை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. தோல் தூசியை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவுப் புற்றுக்காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கறைப் புற்றுநோய்க்கு அது காரணமாகலாம். வேலையிடத்துக் காற்றை மாற்றுவது முதலாளியின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. அது நடக்கும்வரை, மூச்சில் சேரும் இன்னொரு சுமையையாவது குறைக்கலாம்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. பள்ளித் தோழர்கள், ஒரே ஷிஃப்ட்காரர்கள் என ஐந்தாறு பேர் போதும். சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்:

1. எல்லோருக்கும் ஒரே தேதி வையுங்கள். முதல் இலக்கு 28 நாள்.
2. தினமும் ஒரு வரி போதும்: ‘இன்னிக்கு ஆறாவது நாள், இல்லை.’ காலை வணக்கப் படங்கள் வேண்டாம்.
3. ஆசை வரும் நேரத்தில் உடனே எழுதட்டும், இல்லை யாருக்காவது போன் போடட்டும். அந்த உந்துதல் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களைக் கடத்துவதுதான் குழுவின் வேலை. தண்ணீர் குடிக்கலாம், நாலு எட்டு நடக்கலாம்.
4. ஒருவர் மறுபடி பிடித்துவிட்டால் கிண்டல் கூடாது. அப்படிப்பட்டவர்தான் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறுவார். ‘எந்த நேரம், யாரோட இருந்தே?’ என்று கேளுங்கள். அடுத்த முயற்சிக்கு அந்தப் பதில்தான் பாடம்.
5. ‘மூன்றே நாளில் நிறுத்தும் பொடி’ விற்பவரை உள்ளே விடாதீர்கள். இ-சிகரெட் யோசனையும் வேண்டாம். அதன் விற்பனைக்கு 2019 முதல் இந்தியாவில் தடை இருக்கிறது.

குழு ஒரு துணைதான், சிகிச்சைக்கு மாற்று இல்லை. எழுந்தவுடன் பற்ற வைக்காமல் இருக்க முடியாதவர்கள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. 2024 ஜூலையில் வந்த உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல், ஆலோசனையோடு நிகோடின் மாற்று மருந்துகள், வரெனிக்லின், புப்ரோபியான், சைடிசின் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இதய நோய், வலிப்பு, மனநலச் சிகிச்சை, கர்ப்பம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

விட்டால் என்ன கிடைக்கும்?

20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறையத் தொடங்கும். 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்புக்கு வரும். ஒரு வருஷத்தில், புகைப்பவரோடு ஒப்பிட்டால் இதய நோய் அபாயம் பாதியாகும். பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் கிட்டத்தட்ட பாதியாகும். பணக் கணக்கும் உண்டு: நாளைக்கு 60 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 21,900 ரூபாய்.

உங்களுக்குப் புகைப் பழக்கமே இல்லை என்றாலும் இதில் வேலை இருக்கிறது. கூட வேலை செய்யும் யாராவது ‘விடலாம்னு இருக்கேன்’ என்று சொன்னால், ‘நீயா, பார்க்கலாம்’ என்று சிரிக்காதீர்கள். 1800-11-2356 என்ற எண்ணை அவருக்கு அனுப்புங்கள். பதினோரு மணிக்கு அவரோடு டீ குடிக்கப் போங்கள், தம் இல்லாத டீக்கு.