பழியை மக்கள்மேல் போடாதீர்கள்

வியட்நாம் போரைப் பற்றி வந்துள்ள ஒரு கட்டுரையின் வாதம் இது: களத்தில் அமெரிக்கா தோற்கவில்லை, வீட்டுக்கூடத்துக்குள் வந்த தொலைக்காட்சியும் தெருவில் இறங்கிய மாணவர்களும்தான் நாட்டின் மனஉறுதியைக் குலைத்தார்கள், அதிபர் லிண்டன் ஜான்சனும் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாராவும் மக்கள் கருத்துக்கு அஞ்சிக் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. கட்டுரையாளர் இதிலிருந்து ஒரு பாடத்தையும் எடுத்துத் தருகிறார். போர்க்காலத் தலைவன் உண்மையை அளந்துதான் சொல்ல வேண்டுமாம். ஆலோசகன் தன் ஐயங்களை அறைக்குள் சொல்லிவிட்டு, வெளியே தலைவனோடு ஒரே குரலில் பேச வேண்டுமாம்.

இந்த வாதம் பொய். அதைக் காட்ட ஜான்சனின் எதிரிகளைச் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை. ஜான்சன் தானே ரகசியமாகப் பதிவுசெய்து வைத்த தொலைபேசி உரையாடல்களும், மெக்னமாரா அவருக்கு எழுதிய குறிப்பாணைகளும் போதும். பல ஆண்டுகளாக இவை எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. கட்டுரையாளர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

1965 பிப்ரவரி 26 அன்று ஜான்சன் மெக்னமாராவிடம் தொலைபேசியில் பேசினார். தோற்பதைவிட மோசமானது எதுவும் இல்லை, ஆனால் ஜெயிப்பதற்கு ஒரு வழியும் தனக்குத் தெரியவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். வட வியட்நாம் மீதான தொடர் குண்டுவீச்சு அதற்குப் பிறகுதான், மார்ச் 2 அன்று தொடங்கியது. மார்ச் 8 அன்று மரைன் படையினர் தானாங் கடற்கரையில் இறங்கினார்கள். வாஷிங்டனில் முதல் பெரிய எதிர்ப்புப் பேரணி ஏப்ரல் 17 அன்று நடந்தது. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். வெற்றிக்கு வழி தெரியவில்லை என்று அதிபர் சொன்ன நாளில் தெருவில் கூட்டம் இல்லை, தொலைக்காட்சியில் காட்டுவதற்குச் சண்டையிடும் அமெரிக்கத் தரைப்படையும் இல்லை. குலைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த மனஉறுதி, முதல் மரைன் கரையேறும் முன்பே வெள்ளை மாளிகைக்குள் இல்லாமல் இருந்தது.

மக்கள் கருத்து ஜான்சன், மெக்னமாரா இருவரின் கையையும் கட்டியது என்கிறார் கட்டுரையாளர். அதை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள்மீது இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் சொல்லி நாடாளுமன்றத்திடம் போர் அதிகாரம் வாங்கினார்கள். அந்த ஆகஸ்ட் 4 தாக்குதல் நடக்கவே இல்லை. தென் வியட்நாம் படகுகள் வடக்கின் கரையோரத்தில் நடத்திவந்த ரகசியத் தாக்குதல்கள் பற்றி மெக்னமாராவுக்குத் தெரியும். ஆகஸ்ட் 3 அன்று அவரும் ஜான்சனும் அதைப் பற்றித் தொலைபேசியில் பேசியது பதிவாகியிருக்கிறது. ஆனால் செனட் குழுவின் முன்னே, அத்தகைய செயல்களில் கடற்படைக்குத் தொடர்பும் இல்லை, அவை பற்றித் தெரியவும் தெரியாது என்று சாட்சியம் சொன்னார். தீர்மானம் கீழவையில் 416க்கு 0 என்றும் செனட்டில் 88க்கு 2 என்றும் நிறைவேறியது. அந்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில், ஆசியப் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலைக்கு அமெரிக்கப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்றார் ஜான்சன். பெருவெற்றி பெற்றார். அனுப்பினார்.

1965 ஏப்ரலில் மரைன்களின் பணி தளங்களைக் காப்பதிலிருந்து எதிரியைத் தேடித் தாக்குவதாக மாற்றப்பட்டது. அந்த ஆணையிலேயே இன்னொரு கட்டளையும் இருந்தது: கொள்கை திடீரென மாறிவிட்டது என்ற தோற்றம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முன்கூட்டி விளம்பரம் கூடாது. ஜூலையில் படையைப் பெருக்க முடிவானபோது, கூடவே சேமப்படையை அழைக்கவும் வரியை உயர்த்தவும் வேண்டும் என்றே மெக்னமாரா கருதினார். ஜான்சன் இரண்டையும் மறுத்தார். அப்படிச் செய்தால் நாடாளுமன்றத்தில் போர் பற்றிய வெளிப்படையான விவாதம் வெடிக்கும். மருத்துவக் காப்பீடு, வாக்குரிமை, வறுமை ஒழிப்பு என்று அவர் நேசித்த சட்டங்கள் அதில் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஜூலை 28 அன்று ஒரு சாதாரணப் பத்திரிகையாளர் சந்திப்பில், 75,000 பேர் 1,25,000 ஆவார்கள், பிறகு இன்னும் தேவைப்படும், கேட்கும்போது அனுப்புவோம் என்று அறிவித்தார். அதைவிடப் பெரிய எண்ணிக்கைக்கு ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார். ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்தவர்கள் 1,80,000க்கு மேல்.

கட்டுரையாளர் இதைத்தான் உண்மையை அளந்து சொல்வது என்கிறார். அளந்து சொல்வது என்பது, படை எந்தக் கரையில் எந்த நாளில் இறங்கும் என்பதை எதிரியிடமிருந்து மறைப்பது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பது ஹனோய்க்குச் சில வாரங்களில் தெரிந்துவிடும். தெரியாமல் வைக்கப்பட்டவர்கள் ஓஹையோவிலும் அலபாமாவிலும் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய குடும்பங்கள். சர்ச்சிலைத் துணைக்கு அழைக்கிறார் கட்டுரையாளர். அழைக்க வேண்டாம். 1940 ஜூன் 4 அன்று, டன்கர்க்கிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மீண்டு வந்ததை நாடே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கல்களால் போரை வெல்ல முடியாது என்று மக்களவையில் எழுந்து சொன்னவர் சர்ச்சில். நடந்தது பெரும் ராணுவப் பேரழிவு என்றும் ஒளிக்காமல் சொன்னார். அவர் மக்களிடம் சுமையைக் காட்டி, தூக்கச் சொன்னார். ஜான்சன் சுமையே இல்லை என்றார்.

அவ்வளவு மறைத்தும் மக்கள் நம்பினார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. 1965 ஆகஸ்டில் கேலப் கணிப்பில், படை அனுப்பியது தவறு என்றவர்கள் நூற்றுக்கு 24 பேர்தான். தொலைக்காட்சி அப்போது முணுமுணுக்கக்கூட இல்லை. ஊடக ஆய்வாளர் டேனியல் ஹாலின் அந்தக் கால ஒளிபரப்புகளை ஆராய்ந்து, 1968 தொடக்கத்தில் கம்யூனிஸ்டுப் படைகள் தொடுத்த டெட் தாக்குதல் வரை அவை பெரும்பாலும் அரசின் பார்வையையே ஏற்றுப் பேசின என்று காட்டினார். அமெரிக்கத் தரைப்படைக்காகவே அதிகாரபூர்வ வரலாறு எழுதிய வில்லியம் ஹேமண்டும், போரைப் பத்திரிகைகள் தோற்கடித்தன என்பதை ஏற்கவில்லை. ஆதரவைக் கரைத்தது உயிரிழப்புதான் என்றார். அரசியல் அறிவியலாளர் ஜான் முல்லர் கொரியப் போரையும் வியட்நாம் போரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சாவு எண்ணிக்கை ஏற ஏற இரண்டிலும் ஆதரவு ஏறத்தாழ ஒரே மாதிரி இறங்கியது. கொரியாவின்போது வீட்டுக்கூடத்தில் போர்க்காட்சி ஓடவில்லை, பல்கலைக்கழகங்கள் கொந்தளிக்கவில்லை.

குண்டுவீச்சைக் கட்டுப்படுத்தியது மக்கள் கருத்து பற்றிய பயம் என்பதும் தவறு. அது சீனா பற்றிய பயம். 1950இல் கொரியாவில் சீனப் படை எல்லை தாண்டி வந்ததை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

இனி ஆலோசகனின் கடமைக்கு வருவோம். கட்டுரையில் என்னை மிகவும் கோபப்படுத்தியது இந்தப் பகுதி. 1965 நவம்பர் 30 அன்று, இயா ட்ராங் பள்ளத்தாக்குச் சண்டை முடிந்த கையோடு, மெக்னமாரா அதிபருக்கு எழுதினார்: கேட்கும் படையெல்லாம் அனுப்பினாலும் வெற்றிக்கு உத்தரவாதமில்லை, மாதத்துக்கு 1,000 அமெரிக்கர்கள் சாகலாம், 1967 தொடக்கத்தில் இன்னும் பெரிய அளவில் அதே முட்டுச்சந்தில் நிற்பதற்குச் சரிபாதி வாய்ப்பு. இதை எழுதியவர் அதே தாளில் மேலும் படை அனுப்பவும் பரிந்துரைத்தார்.

அடுத்த அக்டோபரில் சைகோனிலிருந்து திரும்பிய விமானத்தில் நடந்ததை, உடன் வந்த அதிகாரி டேனியல் எல்ஸ்பெர்க் எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் படை கூட்டியும் நிலைமை தேறவில்லை என்றால் உள்ளபடி அது மோசமாகியிருக்கிறது என்று வாதிட்டுக்கொண்டு வந்தார் மெக்னமாரா. விமானம் இறங்கியதும் காத்திருந்த ஒலிவாங்கிகளின் முன்னே போய், எல்லாத் துறையிலும் முன்னேற்றம் என்றார். அந்த வாரமே அதிபருக்கு எழுதிய குறிப்பாணையில், போரை விரைவில் முடிக்க நியாயமான வழி எதுவும் தெரியவில்லை என்றார்.

இது விசுவாசம் என்கிறார் கட்டுரையாளர். யாருக்கு? அமைச்சர் உறுதிமொழி எடுத்தது அரசியல் சாசனத்தின் மீது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள், அவர் கையெழுத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் மக்கள். ஒலிவாங்கியின் முன்னே அவர் வாய் மூடியிருந்தால்கூட அதை மௌனம் என்று மன்னிக்கப் பார்க்கலாம். வாய் திறந்து நேர்மாறாகச் சொன்னார். 1967 நவம்பர் 1 அன்று குண்டுவீச்சை நிறுத்தவும் படையைக் கூட்டாமல் இருக்கவும் எழுத்தில் கேட்டார். அந்த மாதக் கடைசியில் அவர் உலக வங்கிக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. 1968 பிப்ரவரியில் பதவியை விட்டபோதும் காரணத்தை நாட்டுக்குச் சொல்லவில்லை. நாங்கள் செய்தது தவறு, பெருந்தவறு என்று நூலாக எழுத 1995 வரை எடுத்துக்கொண்டார்.

அந்த 1967 இலையுதிர்காலத்தில் நடந்ததைக் கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார். அக்டோபர் கணிப்பில், போருக்குள் போனது தவறு என்றவர்கள் முதன்முறையாகத் தவறில்லை என்றவர்களை முந்தினார்கள். வெள்ளை மாளிகை போரின் போக்கை மறுபரிசீலனை செய்யவில்லை. பிரச்சாரத்தைத் திருத்தியது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட் ரோஸ்டோவின் மேற்பார்வையில் முன்னேற்றப் புள்ளிவிவரங்கள் திரட்டப்பட்டன. எதிரியின் படைபலக் கணக்கிலிருந்து கிராமத் தற்காப்புப் படையினர் நீக்கப்பட்டார்கள். சிஐஏ ஆய்வாளர் சாம் ஆடம்ஸ் எதிர்த்தும் பயனில்லை. வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதியான ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்ட் வாஷிங்டனுக்கு வரவழைக்கப்பட்டு, முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று நவம்பர் 21 அன்று பத்திரிகையாளர் மன்றத்தில் பேசினார். பத்து வாரத்தில் டெட் தாக்குதல் வந்தது. சைகோன் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை நடந்தது. வியட்காங் கெரில்லாப் படை அதில் கடுமையாக அடிவாங்கியது என்பது உண்மைதான். ஆனால் நவம்பரில் சொன்னதை நம்பியவன் பிப்ரவரியில் வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? அவனை ஏமாளியாக்கியது கேமரா அல்ல.

டெட்டுக்குப் பிறகு, மேலும் 2,06,000 வீரர்கள் வேண்டும் என்று தளபதிகள் வைத்த கோரிக்கையை மாணவர்கள் தடுத்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மெக்னமாராவின் இடத்துக்கு வந்த கிளார்க் கிளிஃபர்ட், போரை ஆதரித்தபடி உள்ளே வந்தவர். அவர் தளபதிகளை உட்காரவைத்துக் கேட்டார்: இவ்வளவு பேர் போதுமா, எத்தனை நாளாகும், வெற்றிக்கான திட்டம் என்ன? பதில் இல்லை. கோரிக்கை சரிந்தது அந்த மேசையில்.

மெக்னமாரா அந்த 1965 நவம்பர் குறிப்பாணையில் கையெழுத்திட்டபோது இறந்திருந்த அமெரிக்கர்கள் 2,500க்கும் குறைவு. போர் முடிந்தபோது 58,000க்கு மேல். வியட்நாமியர்களின் சாவை லட்சங்களில்தான் எண்ண முடியும். முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் இடையே செத்தவர்கள் எந்தப் பேரணியால் செத்தார்கள் என்று கட்டுரையாளர் பெயர் சொல்லிக் காட்டட்டும்.