விதை நெல்லும் விரால் மீனும்

இந்த வாரம் மீனைப் பற்றி எழுதப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நேயர்களில் சைவ போஜனக்காரர்கள் பலர் உண்டு என்பதை நாம் அறிவோம். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் மீன் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கப் போகிறது. சட்டிக்கு வந்தாலும் ஒரே ஒரு தடவைதான் வரும்.

சென்ற வைகாசியில் ஒரு கலியாணத்தின் பொருட்டுப் பண்ருட்டிக்கு அடுத்த அண்ணாகிராமம் பக்கம் போக நேர்ந்தது. முன்னே தென்னாற்காடு ஜில்லாவாயிருந்து, 1993-ல் பிரிவினையான பிறகு கடலூர் ஜில்லாவில் சேர்ந்த பிரதேசம் அது. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். தாழ்ந்த நிலத்தில் கரும்பும் நெல்லும், செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும் விளைகின்றன. வைகாசியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பலாப்பழத்தின் வாசனையே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடும்.

முகூர்த்தம் ஆயிற்று, விருந்தும் ஆயிற்று. பந்தலில் எல்லாரும் கண்ணயர்ந்த வேளையில் நாம் மட்டும் ஏரிக் கரையை நோக்கி நடந்தோம். ஏரியில் தண்ணீர் என்று சொல்லத் தக்கதாக ஒன்றும் இல்லை. நடு ஏரியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மதகுக்கு எதிரே இருந்த பள்ளத்தில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர். அதையும் ஆகாயத் தாமரை பாதி மூடியிருந்தது. சில வாரங்களுக்கு முன்னால் இரண்டு கோடை மழை பெய்திருந்ததாம். இல்லாவிட்டால் அதுவும் இருந்திராது.

அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் கையில் நீளமான மூங்கில் கழி. கழி நுனியிலிருந்து இறங்கிய நரம்பின் முனையில் ஒரு சிறு தவளை. கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவன் மண்புழுவைக் கோத்துவிட்டு, தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். இவர் உட்காரவில்லை. தவளையைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் தட்டித் தட்டி எடுத்தபடி, கொடிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார்.

"பெரியவரே, ஏதாவது அகப்பட்டதா?" என்று கேட்டோம்.

"மெள்ளப் பேசுங்க தம்பி. விரால் கரையிலே நடக்கிற அதிர்ச்சியைக்கூடத் தெரிஞ்சுக்கும்" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. தவளை இருந்த இடத்தில் தண்ணீர் 'பளார்' என்று வெடித்தது. பெரியவர் அவசரப்படவில்லை. மீன் இரையை விழுங்கும் வரையில் நரம்பைத் தளர்த்திக் கொடுத்து, பிறகு ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார். முழங்கை நீளம் இருக்கும். கறுத்த முதுகு, பாம்பின் தலையைப் போன்ற தட்டைத் தலை. அதைப் பானையில் போட்டு மூடிவிட்டு, "காய்ச்சல்லே கிடந்து எழுந்த பேரனுக்கு" என்று காரணமும் சொன்னார். சட்டிக்குப் போன மீன் இதுதான்.

பத்தடி தள்ளி, மழையே இல்லாதபோது மழைத் துளி விழுவதுபோலத் தண்ணீரில் புள்ளி புள்ளியாகச் சலனம் தெரிந்தது. உற்றுப் பார்த்தோம். செக்கச் செவேலென்று நூற்றுக் கணக்கான மீன் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வருவதும் கீழே போவதுமாயிருந்தன. பெரியவர் கழியை உயரத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஏன், இங்கே மீன் இல்லையா?" என்றோம்.

"இங்கேதான் இருக்குது, தாயும் தகப்பனும். குஞ்சு மேலே வந்து மூச்சு வாங்குது. பெரிசு ரெண்டும் அடியிலே காவல். இப்போ தவளையைக் காட்டினா, பசி இல்லாட்டியும் பாய்ஞ்சு கவ்வும். பிடிக்கிறது ரொம்பச் சுலபம். அதனாலேதான் பிடிக்கக் கூடாது."

கரையில் நின்ற ஓர் இளைஞன் சிரித்தான். "நீங்க விட்டா என்ன தாத்தா? அடுத்த வாரம் குத்தகைக்காரர் ஆளுங்க மோட்டார் வெச்சு இறைக்கப் போறாங்க. குஞ்சும் இருக்காது, தாயும் இருக்காது."

பெரியவர் பதில் சொல்லவில்லை. கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை.

* * *

விரால் மீனின் சுபாவத்தைச் சற்றுத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வியின் கனம் விளங்கும். மற்ற மீன்கள் பெரும்பாலும் செவுளால் தண்ணீரிலிருந்து மூச்சு வாங்கிப் பிழைக்கின்றன. விராலுக்கு அது போதாது. தலைக்குள்ளே செவுளுக்கு மேல் காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் அறை உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மேலே வர முடியாமல் தடுத்துவிட்டால், மீனாய்ப் பிறந்தும் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துப் போகும்! இந்த விசித்திரமே கோடையில் அதைக் காப்பாற்றுகிறது. ஏரி வற்றி மற்ற மீன்கள் மடியும்போது, ஈரமுள்ள சேற்றுக்குள் புதைந்துகொண்டு அடுத்த மழைவரையில் காத்திருக்கும் சக்தி அதற்கு உண்டு. சந்தையில் பானைத் தண்ணீரில் உயிரோடு விற்பதும் அதனால்தான்.

மழை இறங்கிப் புதுத் தண்ணீர் பரவினதும், கரையோரத்து ஆழமில்லாத இடத்தில் கொடிகளை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு விரால் முட்டையிடுகிறது. பொன்னிறமான முட்டைகள் தண்ணீரின்மேல் மிதக்கும். இரண்டொரு நாளில் குஞ்சு பொரிக்கும். தாயும் தகப்பனும் சில வாரங்கள் கூடவே இருந்து, கிட்டே வருகிற எதையும் பாய்ந்து விரட்டும். அப்போது தவளையைக் கவ்வுவது உணவுக்காக அல்ல, குழந்தையைக் காப்பதற்காக. அந்த நேரத்தில் பெரியதைத் தூக்கிவிட்டால், குஞ்சுத் திரள் தவளைக்கும் கொக்குக்கும் மற்ற மீன்களுக்கும் விருந்தாகிவிடும். மற்ற விரால்களே தின்றுவிடவும் கூடும். தூண்டிலில் அகப்பட்டது ஒரு மீன். ஏரி இழந்தது ஒரு வமிசம்.

* * *

இங்கே நேயர்களைச் சற்று நேரம் ஒரு குளிர் தேசத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வடகோடியில் மின்னஸோட்டா என்று ஒரு ராஜ்யம். அங்குள்ள ஏரிகள் பனிக்காலம் முழுவதும் உறைந்து கிடக்கும். வசந்தத்தில் பனிக்கட்டி உருகினதும், கூழாங்கற்கள் நிறைந்த ஆழமில்லாத இடங்களுக்கு ஒரு மீன் முட்டையிட வருகிறது. அதன் பெயர் 'வால்ஐ'. நம்முடைய வாளை மீனுக்கும் அதற்கும் பெயரில் மட்டுமே உறவு. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், இரவில் விளக்கைக் காட்டினால் பூனைக் கண்ணைப்போல் பளபளக்கும். மங்கின வெளிச்சத்திலேயே இரை தேடும். விராலைப்போலவே வேட்டை மீன், விராலைப்போலவே ருசியான மீன் என்று பெயர். 1965-ல் அந்த ராஜ்யத்தார் அதைத் தங்கள் ராஜ்ய மீனாகவே பிரகடனம் செய்துவிட்டார்கள். நம் தேசத்திலும் 2016-ல் தெலுங்கானா விராலுக்கு இதே மரியாதையைச் செய்திருக்கிறது.

இந்த வால்ஐ முட்டையிடுவதோடு சரி. முட்டையையும் குஞ்சையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றைக் காப்பது சட்டம். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மே மாத நடுவரையில் அந்த ராஜ்யத்து உள்நாட்டு ஏரிகளில் அதைப் பிடிக்கக் கூடாது. மே மாதத்தில் தடை நீங்கும் நாள் ஒரு திருநாள் மாதிரி. 1948 முதல் கவர்னரே தூண்டிலோடு கிளம்புவது வழக்கம். அப்போதும் ஒருவர் இத்தனை மீனுக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கணக்கு உண்டு.

ஆனால் சட்டம் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் அதே ராஜ்யம் கண்டது. அங்கே ரெட் லேக் என்ற பெரிய ஏரியில் அளவுக்கு மீறிப் பிடித்ததனால், 1990-களின் நடுவில் வால்ஐ கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. ஏரிக் கரையில் வாழும் ஒஜிப்வே ஆதிகுடிகளுக்கு அதுவே ஜீவனம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1997-ல் தாங்களாகவே வலையைச் சுருட்டி வைத்தார்கள். 1999-ல் ஸர்க்காரும் அவர்களும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஏரி முழுவதும் பிடிப்பதை நிறுத்தினார்கள். கோடிக் கணக்கான குஞ்சுகளை ஏரியில் விட்டார்கள். 2006-ல் மீண்டும் தூண்டில் போட்டபோது ஏரியில் மீன் நிறைந்திருந்தது. ஜீவனத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பது லேசான காரியம் அல்ல. காத்திருந்தவர்களுக்குத்தான் ஏரி திரும்பக் கிடைத்தது.

* * *

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம் ஊரில் நடக்குமா?" என்று கேட்கிறவர்கள் கடலூர்த் துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. கடல் மீன் இனம் பெருகும் காலம் என்று கடலுக்கு விடுமுறை. கஷ்டத்தோடாயினும் மீனவர்கள் அதற்கு உட்பட்டு நடக்கிறார்கள்.

ஏரிக்கோ இப்படி ஊரறிந்த விடுமுறை ஒன்றும் இல்லை. வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் 1897-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. கடல் மீன் வரத்துக் குறையும் அதே சித்திரை வைகாசியில்தான் ஏரி மீனுக்குக் கிராக்கி ஏறுகிறது. அதே மாதங்களில்தான் ஏரியும் வற்றி, மீன் ஒளிய இடமில்லாமல் அகப்படுகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஏரிகளின் மீன்பாசிக் குத்தகை பெரும்பாலும் பசலிக் கணக்கில் விடப்படுகிறது. பசலி ஜூலை 1-ல் பிறந்து ஜூன் 30-ல் முடிகிறது. ஜூலையில் ஏரி யார் கைக்குப் போகுமோ என்று இருக்கிற குத்தகைக்காரர், ஜூனில் ஒரு மீனையாவது விட்டுவைப்பாரா? அவரை நாம் குறை சொல்லவில்லை. நாளை தமக்கு இல்லாத வயலில் விதை நெல்லை மிச்சம் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

கோடைப் பள்ளத்தில் ஒதுங்கிக் கிடக்கும் விரால்தான் ஏரியின் விதை நெல். நம் ஜில்லாவின் தென்பகுதியில், காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரிக்கு வேறு வழி உண்டு. அது நீளமான பெரிய ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியே அதற்குத் தண்ணீர் வருகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அது வறண்டாலும், புது வெள்ளத்தோடு ஆற்று மீனும் வந்து சேரும். அண்ணாகிராமம் பக்கத்தில் நாம் பார்த்ததுபோல் மழையை மட்டும் நம்பியிருக்கும் சிற்றேரிக்கு ஆறு ஏது? பள்ளத்தில் மிஞ்சினதுதான் அதற்கு மூலதனம்.

"குஞ்சு வாங்கி விட்டால் போயிற்று" என்பார்கள். 1957-ல் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி, அலிகுஞ்ஞி என்ற இரு விஞ்ஞானிகள், ஊசி போட்டுக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்யும் முறையைக் கண்டார்கள். அது முதல் கட்லாவும் ரோகுவும் குஞ்சாகவே பையில் வந்து இறங்குகின்றன. அது பெரிய உபகாரந்தான்; மறுக்கவில்லை. ஆனால் கெண்டைக் குஞ்சைத் தின்கிற விராலை, கெண்டை வளர்க்கிறவர் விரோதியாகத்தான் கருதுவார். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையும், தடையை மீறி நுழைந்துவிட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மிச்ச இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அசல் குடியான விராலுக்குச் சொந்த ஏரியில் இடம் இல்லை என்றாகிறது.

நாம் பெரிய யோசனை ஒன்றும் சொல்லவில்லை. குத்தகை விடும்போதே, மதகடிப் பள்ளத்தை இறைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். ஓர் ஆண்டுக் குத்தகையைச் சில ஆண்டுக் குத்தகையாக்கினால், குத்தகைக்காரருக்கே விதையைக் காக்கும் ஆசை பிறக்கும். சிவந்த குஞ்சுத் திரளைக் கண்டால் கழியைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மீன் வாங்கும் வீடுகளில், விரல் நீளம்கூட இல்லாத விரால் குஞ்சு கூடைக்கு வந்தால் வேண்டாம் என்று திருப்பிவிடலாம். வாங்குவோர் இல்லையென்றால் பிடிப்போரும் இருக்க மாட்டார்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

ஊர் திரும்புவதற்கு முன் கலியாண வீட்டுக்காரரிடம் இந்த விஷயத்தைச் சொன்னோம். ஊரில் கொஞ்சம் செல்வாக்கு உள்ளவர் அவர். "பள்ளத்தை மட்டும் விட்டு வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். ஐப்பசியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏரி நிரம்பிவிட்டதாம், பெரியவரின் பேரன் நன்றாகத் தேறிப் பள்ளிக்கூடம் போகிறானாம். பள்ளத்தை இறைத்தார்களா, விட்டார்களா என்பதை எழுத மறந்துவிட்டார். அதைக் கேட்டுப் பதில் எழுதியிருக்கிறோம்.