கிளம்பும் மாதமும் திரும்பும் மாதமும்

ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் ஜிஎம்பிசிஎஸ் (செயற்கைக்கோள் தொடர்பு) உரிமம் கிடைத்தது முதல் இந்த இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நடுக்கடலிலும் வேகமான இணையம் வரப்போகிறது என்றால், மாதவாரிக் காற்றைக் காட்டும் பைலட் சார்ட்டை விரித்துவைத்து மாதம் பார்க்கும் பழைய வேலை இனி எதற்கு? வெதர் ரூட்டிங்கை நாள்தோறும் இறக்கிப் பார்த்துக்கொண்டு எந்த மாதமும் எந்தத் திசையிலும் கிளம்பலாமே? இதற்கு இதழ் ஒரு நிலை எடுத்தாக வேண்டும். எடுக்கிறோம்: கிளம்பக் கூடாது.

வானிலை மாடல்கள் பதினைந்து, பதினாறு நாள் வரைக்கும் அம்புக்குறி போட்டுத் தருகின்றன. ஒரு வாரத்துக்கு அப்பால் அவற்றை நம்பிப் படகைத் திருப்புகிற ஸ்கிப்பர் நம்மில் யாரும் இல்லை. நாளுக்கு 130 மைல் ஓடும் நாற்பதடிப் படகுக்கு காலாபகோஸிலிருந்து மார்க்கேசாஸ் மூன்று வாரத்துக்கு மேல். கிளம்பும்போது எடுத்த கிரிப் (வானிலைக் கோப்பு) மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே பழசாகிவிடும். தினமும் புதியது வந்தாலும் ஐந்து, ஆறு நாட் வேகத்தில் போகிறவருக்கு ஒரு புயலின் பாதையிலிருந்து முழுவதுமாக விலக நேரம் போதாது. சற்று நல்ல பக்கத்துக்கு நகரலாம், அவ்வளவுதான். திசையும் பருவமும் ஓராண்டு முன்பே, கரையில், மேசைமேல் தீர்மானிக்க வேண்டியவை. தொலைத்தொடர்பு எவ்வளவு வேகமானாலும் அது மாறாது.

ஆனால் அந்த மேசையில் இந்தியாவிலிருந்து கிளம்புகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் கையிலுள்ள வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து புறப்படுகிறவருக்காக எழுதப்பட்டவை. ஹரிக்கேன் பருவம் முடிந்த பிறகு கேனரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, தென் பசிபிக்கின் மே முதல் அக்டோபர் வரையிலான நல்ல காலத்தைப் பிடிப்பது அவர்கள் கணக்கு. அவர்கள் வீட்டு வாசலில் புயல் பருவம் இரண்டு முறை வருவதில்லை. நமக்கு வருகிறது: பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

கிழக்கே போகும் வழியைப் பாருங்கள். கேப் ஹார்னைத் தென்கோடைக்குள் தாண்டியாக வேண்டும் என்பதில் பேரம் இல்லை. அந்த ஒரு முனை இங்கே கிளம்பும் மாதத்தையும் திரும்பும் மாதத்தையும் தீர்மானித்துவிடுகிறது. கடற்படையின் திலீப் தோண்டே 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து புறப்பட்டு 2010 மே 19 அன்று திரும்பினார். கடற்படைப் படகு தாரிணியின் முதல் உலகச் சுற்று 2018 மே 21 அன்று கோவாவில் முடிந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் அதே படகில் 2024 அக்டோபர் 2 அன்று கிளம்பி, ஃப்ரீமேண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக 2025 மே 29 அன்று கோவா சேர்ந்தார்கள். மூன்று பயணங்களும் மே மாதத்தில் முடிந்திருக்கின்றன. நடுவில் எங்கும் நிற்காமல் ஓடிய அபிலாஷ் டோமி 2013 மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டார். துறைமுகங்களில் நின்று செல்பவரால் அது ஆகாது.

மே மாத அரபிக்கடலுக்குப் பைலட் சார்ட் என்ன காட்டுகிறது? மெல்லிய காற்று, நிறைய அமைதி. அது சராசரி. 2021 மே மாதம் டவ்தே புயல் குஜராத்தைத் தாக்கியது அந்தச் சராசரிக்குள்தான் கரைந்திருக்கிறது. 2018இல் தாரிணி கோவாவைத் தொட்ட அதே நாளில் அரபிக்கடலின் தென்மேற்கில் பின்னர் மெகுனுவாக வளர்ந்த தாழ்வு மண்டலம் உருவானது. நான்கு நாளில் அது ஓமானில் கரை ஏறியது. கிளம்பும் பக்கமும் இதே கதை: 2019 அக்டோபரில் கியார் இதே கடலில் சூப்பர் புயலானது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. 2025இல் அது மே 24 அன்றே வந்துவிட்டது. ரூபாவும் தில்னாவும் கரை சேர்ந்தபோது கோவாவில் மழைக்காலம் பிறந்தாயிற்று. உலகத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு மிக மோசமான வானிலை அபாயம் சொந்தக் கடலில், பயணத்தின் முதல் வாரங்களிலும் கடைசி வாரங்களிலும் காத்திருக்கிறது.

மேற்கே போகிறவருக்கு அப்படியில்லை. ஜனவரியில் கொச்சியிலிருந்து வாடைக்காற்றில் மாலத்தீவு, அங்கிருந்து செஷல்ஸ். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் பருவம் ஓயும்வரை அங்கேயே இருந்துவிட்டு, மே மாதத்துக்குப் பிறகு மடகாஸ்கரின் வடமேற்குக் கரை, நவம்பருக்குள் ரிச்சர்ட்ஸ் பே. அகுல்யாஸ் நீரோட்டத்தின்மேல் தென்மேற்குக் காற்று எழுந்தால் என்ன அலை வரும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; துறைமுகம் துறைமுகமாகக் காத்திருந்து ஜனவரியில் நன்னம்பிக்கை முனையைத் தாண்டலாம். செயின்ட் ஹெலினா, பனாமா, மே முதல் பசிபிக், செப்டம்பருக்குள் டோரஸ் நீரிணை. ஆண்டு முடிவில் புக்கெட். அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் மறுபடியும் அதே வாடைக்காற்றில் வங்கக்கடலைக் கடந்து காலி, கொச்சி. இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் கிளம்புவதும் திரும்புவதும் வட இந்தியப் பெருங்கடல் மிகவும் அடங்கியிருக்கும் மாதங்களில். செங்கடலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 2023 ஜனவரியில் கடற்கொள்ளைக்கான ஹை ரிஸ்க் ஏரியா நீக்கப்பட்டபோது எழுந்த நம்பிக்கை, அங்கே கப்பல்கள் தாக்கப்பட்டதும் அந்த நவம்பரிலேயே முடிந்துபோனது. குடும்பத்தோடு போகிறவர்களும் இருவர் மட்டும் ஓட்டுகிறவர்களும் மேற்கே போங்கள். இதுவே இதழின் பரிந்துரை.

கிழக்கே போகத் துணிகிறவரை நான் தடுக்கவில்லை. அவருக்கு அக்டோபரிலும் மேயிலும் ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் வானிலைச் செய்தி வேண்டும். அதற்கு ஸ்டார்லிங்க் தட்டு தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் இரிடியம் கருவியில் சில கிலோபைட் கிரிப் போதும். உலகமெங்கும் சிறு படகுகள் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அந்தக் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். இன்மார்சாட்டை பிஎஸ்என்எல் வழியாகப் பெறலாம், அதற்கும் உரிமம் வேண்டும். ஒரு துறைமுக நகரத்து அலுவலகத்தில் அப்படியொரு விண்ணப்பத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோது, பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். கிளம்ப வேண்டிய மாதம் கடந்தது, பதில் வரவில்லை.

2008 மும்பைத் தாக்குதலின் காயம் எனக்கும் தெரியும். கடல் வழியே வந்தவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் பதிவு செய்த படகில், பெயரும் எண்ணும் கொடுத்துக் கேட்கிறவருக்கு மறுப்பதால் எந்தக் கரை காக்கப்படுகிறது? ஒக்கிப் புயலை நாம் மறந்துவிட்டோமா? 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலம். மறுநாள் முற்பகலில் குமரிக்கடலில் புயல். குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டிருந்தன. விஎச்எஃப் ரேடியோ எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை என்ற ஒன்றே இல்லை. இந்த நாட்டில் நீண்ட கடற்பயணத்தை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். பருவம் தெரியாமல் அவர்கள் சாகவில்லை. அன்றைய செய்தி அவர்களைச் சேரவில்லை.

மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் தரும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. ஒக்கிக்குப் பின் ஏறக்குறைய ஏழு ஆண்டு. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் அது தரும் குறுஞ்செய்தியில் காற்றுப் புலத்தை அனுப்ப முடியாது. ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமம் தர வழி கண்ட அரசு, தன் கொடியின் கீழ் ஓடும் சிறு படகின் ஸ்கிப்பருக்கு ஒரு கையடக்கக் கருவிக்கு உரிய காலத்தில் உரிமம் தர இத்தனை ஆண்டாக வழி காணவில்லை. கடலைக் கோப்பின் வழியாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு அக்டோபரும் ஜனவரியும் ஒன்றுதான். விண்ணப்பம் எப்போது தீர்ந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. நமக்கு ஒரு மாதத் தாமதம் என்பது ஓராண்டுத் தாமதம், அல்லது தவறான மாதத்தில் கிளம்புவது.

இந்தியக் கொடியுள்ள, பதிவு பெற்ற பாய்மரப் படகுக்கும் ஆழ்கடல் மீன்பிடிப் படகுக்கும் செயற்கைக்கோள் தரவுக் கருவி வைத்திருக்கும் உரிமம் முப்பது நாளில் முடிவு செய்யப்பட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறையையும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தையும் கேட்கிறோம். வரும் ஜனவரியில் கொச்சியிலிருந்து கிளம்பத் திட்டமிடுகிறவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். வழியையும் மாதத்தையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நகலை இதழுக்கும் அனுப்புங்கள். பதில் வராத விண்ணப்பங்களை, கொடுத்த தேதியோடு, அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம்.