வீடும் நாமும்: தரை மினுங்கட்டும், மூச்சு முட்ட வேண்டாம்



கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய வீடு மலைச் சரிவில் கட்டப்பட்டது. பாதை மட்டத்தில் வீடும், அதன் கீழே சரிவுப் பக்கமாக ஓர் அறையும் இருக்கின்றன. அந்தக் கீழறையின் மூன்று பக்கச் சுவர்களும் மண்ணோடு ஒட்டியவை. ஒரு பக்கத்தில் மட்டுமே கதவும் சிறிய யன்னலும். இத்தனை காலமும் விறகு, தேங்காய், உடைந்த கதிரைகள் என்று போட்டு வைத்திருந்த இடம். இப்போது மகள் தலைப்பிரசவத்திற்காகத் தாய் வீட்டுக்கு வரவிருக்கிறார். அந்த அறையைத் துப்புரவாக்கி, புழுதி கிளம்பும் பழைய கொங்கிரீட் தரைக்கு எபொக்சி பூசிவிட வேண்டும் என்று மகன் சாமான்களையும் வாங்கி வந்துவிட்டாராம்.

"இரண்டு நாள் வேலைதான் உம்மா என்கிறான். ஆனால் டின்னில், ஏதோ ஊற்றிக் கை அரிபடுவது போல ஒரு படம் போட்டிருக்கிறது. மகள் வர இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. பூசலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

டின்னில் உள்ள படத்தைக் கவனித்தாரே, அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். வீட்டில் தரை வேலை, பெயின்ட் வேலை என்று வந்தால் தீர்மானம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் அந்தப் புழுதியைக் கூட்டுபவளும், அந்த மணத்தில் சமைப்பவளும், அழுக்கான சாறனைக் கழுவுபவளும் நாம்தானே! ஆகவே இதைப் பற்றி நாமும் அறிந்திருப்பது அவசியம்.

எபொக்சி என்பது என்ன?

உடைந்த பீங்கானை ஒட்ட இரண்டு குழாய்களில் வரும் அரல்டைட் பசையை நம்மில் பலர் பாவித்திருப்போம். அதுவும் எபொக்சிதான். ஒன்றில் பிசின், மற்றதில் ஹார்ட்னர். இரண்டும் கலந்தவுடன் இரசாயன மாற்றம் தொடங்கிக் கல்லாக இறுகுகிறது. சாதாரண பெயின்ட் போல இது வெறுமனே காய்வதில்லை. இறுகிய பின் அது கெட்டியானது, எண்ணெய் ஊறாதது, கழுவ இலேசானது. அதனால்தான் தொழிற்சாலைகளிலும் கராஜ்களிலும் இதைப் பூசுகிறார்கள்.

முழுதாக இறுகிய தரையால் பெரிய தீங்கில்லை. ஆபத்தெல்லாம் அது இறுகும் வரைதான்.

முதலில் பொலித்தீன் சோதனை

டின்னைத் திறக்குமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. செலவில்லாதது, நாமே செய்யக்கூடியது. 18 அங்குலச் சதுரமான தடித்த பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பினால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம், முடிந்தால் ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். மண்ணோடு ஒட்டிய சுவரின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கதவடியில் ஒன்று என்று மூன்று இடங்களில் செய்வது நல்லது. பிறகு எடுத்துப் பாருங்கள். பொலித்தீனின் அடியில் நீர் முத்துக்கள் கோத்திருந்தாலோ, அந்த இடத்துத் தரை கறுத்திருந்தாலோ, நிலத்திலிருந்து ஈரம் மேலே வருகிறது என்று அர்த்தம்.

அப்படியானால் எபொக்சி பூசக் கூடாது. பலர் "ஈரத்தை அடைக்கத்தானே பூசுகிறோம்" என்று நினைக்கிறார்கள். அது தவறு. அடியிலிருந்து தள்ளும் ஈரம் பூச்சைக் கொப்பளம் கொப்பளமாகத் தூக்கிவிடும். சில மாதங்களில் அப்பளம் போல உரிந்து வரும். செலவழித்த காசும் போய், உரிந்ததைச் சுரண்டும் வேலையும் மிஞ்சும். சரிவு வீடுகளில் இந்த நோய்க்கு மருந்து வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி பூட்டுவதும், மேட்டுப் பக்கத்துக் கானைத் துப்புரவாக்கி மழைநீரைத் திருப்பி விடுவதும் முதல் வேலை.

புதிதாகப் போட்ட கொங்கிரீட்டானால் 28 நாட்களாவது கழிய வேண்டும். காலமும் முக்கியம். அடை மழைக் காலத்தில் தரை வியர்க்கும். வியர்த்த தரையில் பூசினால் மேலே வெள்ளை படர்ந்து, பிசுபிசுப்பு நீங்காமலே இருந்துவிடும். மலைநாட்டில் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையான வெயில் காலம் இதற்குப் பொருத்தமானது.

தரையை ஆயத்தம் செய்தல்

எண்ணெய்க் கறை, பழைய மெழுகு, பாசி எதுவும் இருக்கக் கூடாது. வருடக்கணக்காகச் சிவப்பு மெழுகு தேய்த்த தரையில் எபொக்சி ஒட்டவே ஒட்டாது. மெழுகை முற்றாக அகற்றியாக வேண்டும். அகற்றியாயிற்றா என்று அறிய, சில துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் தரை தயார். சேம்பிலையில் விட்டது போல உருண்டு நின்றால் இன்னும் வேலை பாக்கியிருக்கிறது.

தரையைச் சொரசொரப்பாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மெஷினால் அராவுவது. மற்றது அமிலம் ஊற்றிக் கழுவுவது. இரண்டிலும் கவனம் தேவை.

கொங்கிரீட்டை உலர்வாக அராவும்போது பறக்கும் தூளில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா இருக்கிறது. இது நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997ல் இதைச் சேர்த்தது. ஆகவே தண்ணீர் விட்டே அராவச் சொல்லுங்கள். மெஷினும் தண்ணீருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கறண்ட் அடிக்கும். வேலை செய்பவர் என்95 வகை முகமூடி அணிய வேண்டும். சாறன் தலைப்பையோ கைலேஞ்சியையோ மூக்கில் கட்டுவதால் பயனில்லை. நாமும் அந்தத் தூளை உலர்ந்த தும்புத்தடியால் கூட்டக் கூடாது. ஈரமாக்கி அள்ள வேண்டும். பழைய பெயின்ட் பூசிய தரையானால் அதில் ஈயம் இருக்கக் கூடும். உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம்.

அமிலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலசலகூடம் கழுவ விற்கப்படும் அமிலத்தை வாங்கி வந்து ஊற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அதோடு, நன்றாக வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவிவிடுகிறார்கள். சகோதரிகளே, இதைப் போன்ற விபரீதம் வேறில்லை! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதலாம் உலகப் போரில், 1915ல் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் களத்தில் போர்வீரர்களைக் கொல்ல ஏவப்பட்டது இதே வாயுதான். அது காற்றைவிடப் பாரமானது. கீழறையில் தேங்கி நிற்கும். குளியலறை கழுவும்போதும் இந்த இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அமிலம் பாவிக்கத்தான் வேண்டுமென்றால், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கண்ணாடியும் நீண்ட இறப்பர் கையுறையும் அவசியம். முடிவில் அப்பச்சோடா கரைத்த நீரூற்றி, பல தடவை நல்ல தண்ணீரால் கழுவி, நாட்கணக்காக உலர விட வேண்டும். காற்றோட்டமில்லாத கீழறைக்கு அராவுவதே மேல்.

பூசும் நாளில்

தின்னர் கலந்த எபொக்சியின் ஆவியும் காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு தவழ்ந்து போகும். தீப்பொறி எங்கேயாவது கிடைத்தால் பற்றிக்கொள்ளும். கீழறைக்குத் தின்னர் கலந்த வகை வேண்டாம். தின்னர் இல்லாத வகை, அல்லது தண்ணீர் கலந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். மணம் குறைவு என்பதற்காக அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. அறையில் நுளம்புச் சுருள், சாம்பிராணி, சிகரெட், குப்பி லாம்பு எதுவும் ஆகாது. பக்கத்தில் குசினி இருந்தால் அடுப்பையும் அணைத்து விடுங்கள். கதவு, யன்னல் இரண்டையும் திறந்து, விசிறியை வெளியே வைத்து, நல்ல காற்று கதவால் உள்ளே போய் யன்னலால் வெளியேறும்படி செய்யுங்கள். மேல்வீட்டுக்குப் போகும் படிக்கட்டுக் கதவு இருந்தால் அதை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி வையுங்கள்.

கலக்கும் அளவு டின்னில் எழுதியபடிதான் இருக்க வேண்டும். "கொஞ்சம் கூடப் போட்டால் கெதியாக இறுகும்" என்பது தவறு. அளவு பிழைத்தால் இறுகாமலே கிடந்து பல நாள் மணக்கும். ஒரேயடியாகவும் கலக்கக் கூடாது. கலந்த எபொக்சி சூடாகும். வாளியில் குவியலாக விட்டால் புகை வருமளவுக்குக் கொதிக்கும். சிறிது சிறிதாகக் கலந்து, உடனே தரையில் ஊற்றிப் பரப்ப வேண்டும்.

தோலில் படுவதே பெரிய ஆபத்து. ஹார்ட்னர் தோலை அரிக்கும். டின்னில் இருந்த படத்தின் பொருள் அதுதான். எபொக்சி அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படும். ஒரு தடவை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் போகாது. பிறகு அணுவளவு பட்டாலும் கை வீங்கி அரிக்கும். பாத்திரம் கழுவும் மெல்லிய இறப்பர் கையுறை இதற்குப் போதாது. நைட்ரில் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, மூடிய சப்பாத்து ஆகியவை வேண்டும். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்கக் கூடாது. அது விஷத்தைத் தோலுக்குள் செலுத்திவிடும். துணியால் ஒற்றியெடுத்து சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, டொக்டரிடம் போங்கள். மூச்சு முட்டினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கூலிக்கு வரும் பாஸுக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. கையுறையையும் கண்ணாடியையும் நம் செலவில் வாங்கிக் கொடுப்பதால் நாம் ஏழையாகிவிட மாட்டோம்.

இறுகிய தரை ஈரம் பட்டால் வழுக்கும். வுளூச் செய்துவிட்டு ஈரக்காலோடு வரும் வயதானவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பூச்சின் மேல் கழுவி உலர்த்திய மெல்லிய மணலைச் சீராகத் தூவி, இறுகிய பின் மிதமிஞ்சியதைக் கூட்டிவிட்டு, அடுத்த பூச்சைப் பூசினால் கால் பிடிக்கும்.

பெரும்பாலான வகைகளில் ஒரு நாளின் பின் நடக்கலாம். முழுதாக இறுக ஒரு கிழமை ஆகும். மிச்சத்தைக் கானிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். பலகைத் துண்டில் பரப்பி, இறுகிய பின் எறியுங்கள். தின்னர் துணிகளைச் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோர், பூசத் தொடங்கிய நாள் முதல் மணம் முற்றாகத் தீரும் வரை அந்த வீட்டில் இருக்கவே கூடாது. மேல்தட்டில் இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. மணம் படியேறி வரும்.

அந்தத் தாய்க்கு என்ன பதில்?

நான் அவருக்கு உடனே எழுதியது இவ்வளவுதான்: "டின்னைத் திறக்க வேண்டாம். முதலில் பொலித்தீன் சோதனையைச் செய்யுங்கள். தரை உலர்வாக இருந்தால் இந்தக் கிழமையே பூசி முடித்து, மற்ற இரண்டு கிழமையும் கதவைத் திறந்து விடுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள்."

இதழ் அச்சுக்குப் போகுமுன் பதில் வந்துவிட்டது. நடுவில் ஒட்டிய பொலித்தீன் உலர்வாகவே இருந்ததாம். ஆனால் மண் சுவரோரம் ஒட்டியதன் அடியில் தண்ணீர் வழிந்ததாம். "மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் தானே மண்வெட்டியை எடுத்துப் பின்பக்கத்துக் கானை வெட்டிவிட்டான். சாமான்களைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். மகளுக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு, நானும் அவருடைய வாப்பாவும் விறாந்தை அறைக்கு மாறிவிட்டோம். கீழறையில் விறகு இருந்தால் இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு மினுங்கும் தரை வேண்டியதில்லை. நல்ல காற்றுத்தான் வேண்டும். தரையை அடுத்த வருட வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் கான் தன் வேலையைச் செய்திருக்கும். அப்போதும் பொலித்தீன் துண்டை மறந்துவிடாதீர்கள்!